யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு: தண்ணீர்க் கனவுகளும் அவை எழுப்பும் அறக் கேள்விகளும்

1. கேள்வி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கமாகக் கடல்நீரேரியில் கலந்துவிடும். ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இந்தச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் மக்கள் நம்பியிருந்தது கிணற்றைத்தான். அப்படியிருந்தும் மூன்று தலைமுறைகளாக இங்கே ஓர் ஆற்றைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. தேர்தல் விஞ்ஞாபனங்களிலும் பொறியியலாளர் மாநாடுகளிலும் புலம்பெயர்ந்தோர் கூட்டங்களிலும் அந்த ஆறு மீண்டும் மீண்டும் வருகிறது. நிலத்தில் மட்டும் இன்னும் ஓடவில்லை.

கட்டி முடிக்கப்படாத ஒரு தொழில்நுட்பம், வரைபடத்திலும் மேடையிலும் மட்டும் இருந்துகொண்டே, ஒரு சமூகத்தின் நடத்தையை எப்படி மாற்றுகிறது? அந்த மாற்றத்துக்கு யார் பொறுப்பு? இக்கட்டுரை ஆராய முற்படுவது இவற்றை.

இதுவரை இவ்விடயத்தில் இரண்டு வகையான விளக்கங்கள் பழக்கத்தில் உள்ளன. முதலாவது பொறியியலாளர்களுடையது. திட்டம் சரியானது, அரசு பணம் ஒதுக்கவில்லை, பிறகு போர் வந்தது, ஆகையால் ஆறு வரவில்லை என்பது அதன் சாரம். இரண்டாவது, பெருந்திட்டங்கள் எல்லாமே இயற்கைக்கு எதிரானவை என்று ஒதுக்கும் சூழலியல் நோக்கு. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே திட்டம் நிறைவேறியதா, நிறைவேற வேண்டுமா என்பதோடு நின்றுவிடுகின்றன. நிறைவேறாத காலத்தில் அது செய்த வேலையை இரண்டுமே பார்ப்பதில்லை.

அறிவியல், தொழில்நுட்பத்தின் சமூகவியலில் இதற்கு ஒரு வழி திறக்கப்பட்டிருக்கிறது. ஷீலா ஜசனொஃப், சாங்-ஹ்யூன் கிம் ஆகிய இருவரும் 2009இல் அமெரிக்காவிலும் தென்கொரியாவிலும் அணுசக்தி எவ்வாறு கற்பனை செய்யப்பட்டது என்பதை ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். ஒரே தொழில்நுட்பம் ஒரு நாட்டில் அடக்கிவைக்க வேண்டிய ஆபத்தாகவும், மற்ற நாட்டில் தேசத்தை உயர்த்தும் கருவியாகவும் காணப்பட்டது. எதிர்காலம் குறித்த கூட்டுக் கற்பனைகள் பணத்தை எங்கே கொட்டுவது, யார் பேச்சைக் கேட்பது, எந்த இழப்பைப் பொறுத்துக்கொள்வது என்பவற்றைத் தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. அரசுகளை வைத்து அவர்கள் சொன்னதை, சொந்த அரசு இல்லாத ஒரு சமூகத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். யாழ்ப்பாணத்தில் அந்தக் கற்பனை பெரும்பாலும் தண்ணீராகவே இருந்திருக்கிறது.

2. ஆற்றின் வரைபடம்

கடல்நீரேரிகளை நன்னீராக்கும் எண்ணம் பழையது. 19ஆம் நூற்றாண்டில் நீண்டகாலம் அரசாங்க அதிபராக இருந்த ட்வைனம் காலத்திலேயே அது பேசப்பட்டது. தொண்டைமானாற்றில் கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் கதவணை 1947க்கும் 1953க்கும் இடையில் கட்டப்பட்டது. சிதறிக் கிடந்த இந்த எண்ணங்களைச் சேர்த்து ஒரே திட்டமாக்கியவர் நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம். 1954இல் அவர் முன்வைத்த திட்டத்தின் பெயர் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’. இன்றும் அதனை ஆறுமுகம் திட்டம் என்றே சொல்வார்கள்.

திட்டத்தின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. வன்னியிலிருந்து வரும் கனகராயன் ஆறும் சிற்றாறுகளும் மாரியில் ஆனையிறவுக் கடல்நீரேரியில் விழுகின்றன. மேற்கே வீதியும் ரயில்பாதையும் போகும் ஆனையிறவை அடைத்து, கிழக்கே சுண்டிக்குளத்தில் அணைகட்டினால், அந்த ஏரி சில மாரிகளில் உப்புக் கழுவப்பட்டு நன்னீராகும். அங்கிருந்து முள்ளியில் ஏறக்குறைய 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் வடமராட்சிக் கடல்நீரேரிக்குப் போகும். அதன் வாயில் தொண்டைமானாறு. உப்பாற்றுக் கடல்நீரேரியின் வாயில் அரியாலைக் கதவணை. மாரி முடிவில் கதவுகளை மூடினால் குடாநாட்டின் நடுவே ஒரு நன்னீர்த் தொடர் தங்கும். அது இரு கரையிலும் நிலத்துள் ஊறி, உவரைத் தள்ளி, கிணறுகளை இனிக்கச் செய்யும். மலை இல்லை, பெரிய அணை இல்லை, எந்தக் கிராமமும் மூழ்காது.

1960களில் வேலை தொடங்கியது. சுண்டிக்குளத்தில் அணை எழுந்தது. முள்ளி வாய்க்காலின் பெரும்பகுதி வெட்டப்பட்டது. பிறகு பணம் நின்றது. அணையை வெள்ளம் உடைத்தது. கதவணைகளின் மரப்பலகைகள் உக்கின. 1991இலும் 2000ஆம் ஆண்டிலும் ஆனையிறவு பெரும்போர்க்களமானது. நன்னீர் ஏரியாக வேண்டிய இடம் முன்னரங்கமாயிற்று. போருக்குப் பிறகு, 2019இல் வடமாகாண ஆளுநராக இருந்த சுரேன் ராகவன் காலத்திலும் இத்திட்டம் மறுபடி மேசைக்கு வந்தது.

இதன் அருகே இன்னொரு ஆறும் கற்பனையில் ஓடியது. 1960களில் தயாரான மகாவலிப் பெருந்திட்டம், மகாவலியின் நீரை வடமத்திய வாய்க்கால் வழியாக வடக்கே கொண்டுவரும் என்று காட்டியது. 1977க்குப் பின் துரிதப்படுத்தப்பட்ட மகாவலியில் அந்த வாய்க்கால் இடம்பெறவில்லை. தண்ணீர் வராமலே மகாவலி அதிகாரசபையின் பெயர் மட்டும் மணலாற்றுக்கு வந்தது. அங்கிருந்த தமிழ்க் கிராமங்கள் 1980களில் வெளியேற்றப்பட்டுச் சிங்களக் குடியேற்றம் நடந்தது. கல்லோயாக் குடியேற்றத்தையும் மணலாற்றையும் கண்ட ஒரு சமூகத்துக்கு, தெற்கிலிருந்து வரும் எந்த நீர்த் திட்டமும் நிலத்தைப் பற்றிய அச்சத்தோடுதான் வரும். ஆறுமுகம் திட்டத்தின் மீதுள்ள பற்று இன்றும் குறையாததற்கு இது ஒரு காரணம். அது எம் மண்ணில் விழும் மழையை எம்மவர் ஒருவர் எமக்காகத் தேக்கக் கண்ட வழி. பொறியியல் ஆவணம் ஒன்று தன்னாட்சியின் உருவகமாக மாறியது அப்படித்தான்.

உருவகமான ஒரு திட்டத்தைக் கேள்வி கேட்பது கடினம். சுண்டிக்குளத்து இறால் என்னாகும் என்று கேட்பவர் அபிவிருத்திக்கு எதிரி ஆகிவிடுவார். ஆயினும் கேள்வி நியாயமானது. ஆனையிறவுப் பரவைக்கடலில் இறாலும் மீனும் பெருகுவது, மாரியின் நன்னீரும் கடலின் உவரும் கலப்பதால். கூடும் வலையும் வைத்துப் பிழைப்பவர்கள் அந்தக் கலப்பில் வாழ்கிறார்கள். சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். கடலுக்கு வீணாகப் போகும் தண்ணீர் என்று கமக்காரன் பக்கம் நின்று சொல்லும்போது, கரையில் நிற்கும் கடற்றொழிலாளி கணக்கில் வருவதில்லை.

3. ஆற்றுக்காகக் காத்திருந்த கிணறு

குடாநாட்டின் நிலத்தடி நீர் ஒரு வில்லைபோலக் கடல்நீரின் மேல் மிதக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபனும் அவருக்குப் பின் ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க்கும் கண்டறிந்த விதிப்படி, கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் இருந்தால் அதன் கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். மறுபுறமும் அதே கணக்குத்தான். மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உவர் 40 அடி ஏறும். வருடத்துக்கு 1,200 மில்லிமீற்றரை ஒட்டி விழும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் விழுந்து முடிந்துவிடும். மீதி மாதங்களுக்கு இந்த வில்லைதான் எல்லாமே.

இந்த விதியைப் படிக்காதவர்களும் நீரிறைக்கும் துலாவால் அதைக் கடைப்பிடித்தார்கள். துலாவில் ஒருவரோ இருவரோ ஏறி முன்னும் பின்னும் நடப்பார்கள். கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் சரிப்பார். இறைக்கும் வேகம் மனிதக் காலின் வேகம். ஆட்கள் களைத்தபோது கிணறும் ஆறியது. ஊற்று மறுபடி சுரக்க நேரம் கிடைத்தது. 1950களுக்குப் பிறகு மண்ணெண்ணெய் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. அது உழைப்பின் கொடுமையைக் குறைத்தது. அதனை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அதுவரை உடல் விதித்திருந்த எல்லையையும் அது எடுத்துவிட்டது. அந்த இடத்தில் வேறு எந்த எல்லையும் வைக்கப்படவில்லை. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெங்காயமும் மிளகாயும் பொன்னாக விளைந்தன. யூரியா மூட்டை மூட்டையாகச் செம்மண்ணில் இறங்கியது. 1980களிலேயே ஆய்வாளர்கள் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று ஆபத்தான அளவில் இருப்பதைக் கண்டு எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்கிறது; புட்டிப்பால் குடிக்கும் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை அது குறைக்கும் என்பதால். பசளையோடு மலசலகூடக் குழிகளும் சேர்ந்துகொண்டன. நகரக் காணிகள் சிறுத்துப்போக, குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி குறைந்தது. யாழ்ப்பாண நகருக்குக் கழிவுநீர்க் குழாய் வலை இல்லை.

ஆபத்து தெரிந்தும் ஏன் இறைப்புக்கும் பசளைக்கும் ஒரு வரம்பு வரவில்லை? போர் ஒரு விடை. அதனைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் போருக்கு முன்னும் பின்னும் அமைதியான ஆண்டுகள் இருந்தன. என் கணிப்பில், ஆற்றுக் கனவுக்கும் இதில் பங்கு உண்டு. ஏரி நன்னீரானதும் கிணறு தானாக நிறையும் என்ற நம்பிக்கை, கிணற்றைக் காப்பதை இடைக்கால வேலையாக்கியது. இடைக்கால வேலைக்குத் திணைக்களமும் இல்லை, வரவுசெலவும் இல்லை, அரசியல்வாதிக்குத் திறப்புவிழாவும் இல்லை. குளங்களும் கேணிகளும் தூர்ந்தன. சில குப்பை கொட்டப்பட்டு மூடப்பட்டன.

சுன்னாகம் இதே கதையின் இன்னொரு முகம். மின்சாரம் என்னும் எதிர்காலத்தைத் தந்த மின்நிலையத்தின் சுற்றாடலில் கிணறுகளில் எண்ணெய் படர்ந்தது. 2015 தொடக்கத்தில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். அறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரணாக வந்தன. குடிக்கலாமா கூடாதா என்று குடும்பங்கள் குழம்பின. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அங்கு இயங்கிய தனியார் மின்நிறுவனத்தைப் பொறுப்பாளியாகக் கண்டு, பாதிக்கப்பட்டோருக்காக 20 மில்லியன் ரூபாய் செலுத்தும்படி தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டிய முக்கியமான தீர்ப்பு அது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கியதைத் தீர்ப்பால் வெளியே எடுக்க முடியாது.

4. இரணைமடு

போர் முடிந்ததும் தீர்வு வேறு வடிவில் வந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்துக்குக் கடன் ஒப்புக்கொண்டது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் அணையை உயர்த்தி, மேலதிக நீரைக் குழாய் வழியாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவது ஏற்பாடு. கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள்.

அவர்களுடைய வாதம் கணக்கோடு நின்றது. இரணைமடுவில் காலபோகத்துக்கு மழை துணை. சிறுபோகத்துக்குக் குளம் மட்டுமே. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் பயிர்ச்செய்கைக் கூட்டம் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று தீர்மானிக்கும். பல ஆண்டுகளில் வயலின் ஒரு பகுதிக்கே அது போதும். வாய்க்காலின் கடைவாயில் இருப்பவனுக்கு முதலில் தவறும். மழை பொய்த்த ஆண்டில் குழாய்க்கா வயலுக்கா முன்னுரிமை என்ற கேள்விக்குத் திட்ட ஆவணத்தின் உறுதிமொழி அவர்களுக்குப் போதவில்லை.

யாழ்ப்பாணத்தில் சிலர் இதனைப் பிரதேசவாதம் என்றார்கள். அந்தக் குற்றச்சாட்டு எனக்கு ஏற்புடையதல்ல. கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்றவர்களோடு, 1958, 1977 வன்முறைகளில் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் துரத்தப்பட்டு வந்து, காணியுறுதியின்றிக் கூலிகளாக வாழும் மலையகத் தமிழரும் அந்த வயல்களை நம்பியிருக்கிறார்கள். இறுதிப் போரில் எல்லாம் இழந்து திரும்பியவர்கள் அவர்கள். தன் நிலத்தடி நீரை யூரியாவாலும் அளவற்ற இறைப்பாலும் கெடுத்துக்கொண்ட ஒரு பிரதேசம், தன்னிலும் வறிய பிரதேசத்திடம் தண்ணீர் கேட்கும்போது, முதலில் தன் வீட்டில் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். அப்படி ஒரு கணக்கு அன்று முன்வைக்கப்பட்டதாக நான் அறியேன். ஒரே இனம், ஒரே துயரம் என்ற சொல்லுக்குள் இந்த ஏற்றத்தாழ்வு மறைந்துபோனது.

5. தாளையடி

எதிர்ப்பின் விளைவாகத் திட்டம் திருத்தப்பட்டது. கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் ஒன்று வடமராட்சி கிழக்கில், தாளையடியில் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவால் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரும் கொள்ளளவு. இந்நாட்டில் இந்த அளவில் இதுவே முதலாவது.

கிளிநொச்சியிடம் கேட்பதைவிடக் கடலிடம் கேட்பது நல்லது என்று பலர் ஆறுதலடைந்தார்கள். கடலுக்கு வாயில்லை, கடற்கரைக்கு வாயுண்டு. 2004 டிசம்பர் 26இல் சுனாமி அழித்த கரை அது; பிறகு போர் அழித்த கரை. அங்குள்ள கடற்றொழிலாளர் திட்டத்தின் தொடக்கத்திலேயே தங்கள் அச்சத்தைச் சொன்னார்கள். எதிர்ச்சவ்வூடுபரவல் முறையில் உயர் அழுத்தத்தில் கடல்நீர் சவ்வுகளின் ஊடாகத் தள்ளப்படும். ஒரு பங்கு நன்னீராக, மீதி ஏறக்குறைய இருமடங்கு உப்போடு கடலுக்குத் திரும்பும். சரியாகக் கலக்கப்பட்டால் பாதிப்பு சிறிய வட்டத்துக்குள் அடங்கும் என்பது பிற நாடுகளின் அனுபவம். சரியாகக் கலக்கப்படுகிறதா என்பதைத் தொடர்ந்து அளந்து அந்தக் கரையவர்களுக்கே காட்ட வேண்டும். கரைவலை இழுப்பவருக்குச் சிறிய வட்டம் என்பதே முழுக் கடலாக இருக்கலாம்.

மின்சாரமும் இருக்கிறது. இந்த முறையில் ஒரு கனமீற்றர் நன்னீருக்குப் பொதுவாக 3 முதல் 4 அலகு மின்சாரம் வேண்டும். முழுக் கொள்ளளவில் நாளொன்றுக்கு 72,000 அலகுக்கு மேல். 2022இல் நாளுக்குப் பல மணிநேரம் மின்வெட்டில் கிடந்த நாடு இது. கிணறு கெட்டால் ஒரு வீடு தவிக்கும். இது நின்றால் குழாயை நம்பிய எல்லா வீடும் ஒரே நாளில் தவிக்கும். அப்போது கைவிடப்பட்ட கிணற்றுக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

தீவுகளின் அனுபவத்தையும் இங்கே நினைவுகூரலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் காற்றும் சூரியனும் கலந்த மின்திட்டம் 2021 ஜனவரியில் சீன நிறுவனம் ஒன்றின் கூட்டுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டின் இறுதியில் அது நிறுத்தப்பட்டு, பின்னர் இந்திய நன்கொடைத் திட்டமாக மாறி 2024இல் ஒப்பந்தமானது. இந்த இழுபறி முழுவதிலும் டீசல் இயந்திரத்தின் மின்சாரத்தில் இருந்த தீவு மக்களிடம் யாரும் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

6. கிணற்றைப் புகழ்வோருக்கு

இதுவரை எழுதியதை வைத்து, பழைய துலாக் கிணற்றுக் காலமே நன்று என்று ஒருவர் முடிவுகட்டினால் அது பெரிய அநீதி. யாழ்ப்பாணத்துக் கிணறு ஒருபோதும் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. நல்ல தண்ணீர் ஊறும் செம்மண் காணி உயர்சாதியினர் கையில். உவர் நிலத்திலும் கரையோரத்திலும் குடியிருத்தப்பட்டோர் குடத்தோடு வேலியோரம் நின்று, யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்திருந்தார்கள். தாங்களே கிணறு வெட்ட முயன்றபோது தடுக்கப்பட்டதும், அள்ளிய கிணற்றில் நஞ்சும் அழுக்கும் போடப்பட்டதும் இந்த மண்ணின் வரலாறு. கே. டானியல் ‘தண்ணீர்’ என்றே ஒரு நாவல் எழுதினார். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் கிணற்றடியில் சாதி நின்றது.

அந்தப் பரம்பரைக்குக் குழாய்நீர் வேறு பொருள் தருகிறது. குழாய்க்குச் சாதி தெரியாது. எவர் கையையும் பார்க்காமல் தன் வீட்டுக்குள் தண்ணீர் பிடிப்பது கண்ணியம். ஆற்றுக் கனவும் நிலைய நீரும் நகைக்கத்தக்கவை அல்ல என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஆறுமுகம் திட்டத்தின் பயனையும் இந்தக் கேள்வியோடு அளக்க வேண்டும்: ஏரி நன்னீரானால் இனிப்பது யாருடைய கிணறு? உவர் நீங்கிய தரவை நிலம் யார் பெயருக்கு எழுதப்படும்? திட்டத்தை ஆதரிப்போர் கூட்டங்களில் இதற்கு விடை தேடியதாக நான் கண்டதில்லை.

7. எதிர்காலத்தின் பெயரால்

மெய்யியலாளர் ஹான்ஸ் ஜோனாஸ் 1979இல் எழுதிய நூலில், தொழில்நுட்பம் நெடுங்காலத்தையும் எட்டும் வலிமை பெற்றபின், இன்னும் பிறவாதோருக்கும் நாம் பொறுப்பாளிகள் என்று வாதிட்டார். இது சரி. யாழ்ப்பாணத்து அனுபவம் அதனோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொல்கிறது. பிறவாதோருக்காக வரையப்பட்ட படம், இன்று வாழ்வோரைக் காக்கும் கடமையைத் தள்ளிப்போடும் சாட்டாகிவிடக் கூடாது. 1980களில் நைத்திரேற்றைப் பற்றி எழுதப்பட்டபோது குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று நடுவயதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆறும் வரவில்லை, கிணறும் காக்கப்படவில்லை.

யாழ்ப்பாணம் இப்போது புதிய படங்களுக்கு மாறியிருக்கிறது. தகவல் தொழில்நுட்பத்தில் அடுத்த சிலிக்கன் பள்ளத்தாக்கு என்ற பேச்சு பத்தாண்டுக்கு மேலாக இளைஞருக்கு ஊக்கம் தருகிறது, அதை வரவேற்கிறேன். அந்தப் படத்துக்கும் இதே இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: அதில் யார் இல்லை? அது வரும்வரை எதைக் கவனிக்காமல் விடுகிறோம்?

தண்ணீரில் இன்றே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு பிரதேச சபையும் தன் எல்லையிலுள்ள பொதுக் கிணறுகளின் உவரையும் நைத்திரேற்றையும் ஆண்டுக்கு இருமுறை, மாரி முடிந்த பின்னும் கோடை முற்றிய பின்னும், அளக்க வேண்டும். முடிவுகளை ஊர்ச் சனசமூக நிலையத்தின் சுவரில், தமிழில், எல்லோரும் வாசிக்கும்படி ஒட்ட வேண்டும். தாளையடிக் கரையின் கடல்நீர் அளவீடுகளும் அங்குள்ள கடற்றொழிலாளர் சங்கங்களின் கையில் அதேபோல் கிடைக்க வேண்டும். இதற்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. சபைகளின் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கு ஓர் ஒதுக்கீடு கேட்டு எழுத வேண்டியவர்கள், இந்தத் தண்ணீரைக் குடிக்கும் நாம்தான்.